கரி சுரண்டிய காலம்

மண் அடுப்பில் விறகு எரித்துச் சமைத்த வீடுகளில் வளர்ந்தோர்க்குப் பானையடியிற் படியும் கரியைப் பற்றி எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. தும்பும் சாம்பலுங் கொண்டு அதனைத் தேய்த்துக் கழுவுவது நாள்தோறும் நடந்த வேலை. அதே கரி மோட்டார் வண்டியின் இயந்திரத்துக்குள்ளும் படிகின்றது. பானைக் கரி வெளியே இருப்பதாற் கைக்கு எட்டும். இயந்திரக் கரியோ இரும்புப் பெட்டகத்தின் உள்ளே, சிலிண்டர்களின் உச்சியிலே, கண்ணுக்கு மறைவாக இறுகிக் கிடக்கும். அதனைச் சுரண்டி எடுக்க மனிதர் பட்ட பாடும், சுரண்டாமலே தப்ப முடியுமா என்று அவர்கள் செய்த ஆராய்ச்சியும், அவ்வாராய்ச்சியால் விளைந்த நன்மையும் கேடுமாகச் சேர்ந்தது ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறாகும். நேயர்களே, அந்த வரலாற்றையே இன்று சொல்ல முற்படுகின்றேன்.

முதலிற் கரி எப்படி வருகின்றது என்பதைப் பார்ப்போம். சிலிண்டர் என்பது ஓர் உருளை. அதனுள்ளே பிஸ்டன் மேலுங் கீழுமாக ஓடுகின்றது. உருளையின் மேல்வாயை மூடியிருக்கும் கனத்த உலோக மூடியே சிலிண்டர்த் தலை; கராஜ்களில் வெறுமனே ‘ஹெட்’ என்பார்கள். பெற்றோல் ஆவியும் காற்றுங் கலந்த கலவை, பிஸ்டனின் உச்சிக்கும் இந்த மூடிக்கும் இடைப்பட்ட சிறு குழிவிலே நெருக்கப்பட்டு, மின்பொறியால் எரிகின்றது. அந்தக் குழிவைத் தகன அறை என்போம். பெற்றோல் முழுவதும் எரிந்துவிட்டால் காபனீரொட்சைட்டும் நீராவியுமே எஞ்சும். ஆனால், உலோகச் சுவரை ஒட்டிய கலவை சுவரின் குளிர்ச்சியால் அரைகுறையாகவே எரிகின்றது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களைத் தாண்டிக் கீழிருந்து மசகெண்ணெயும் சிறிது மேலே ஏறிவிடுகின்றது. இவையிரண்டும் சூடான உலோகத்தின்மேற் பட்டு, முதலில் அரக்குப் பூச்சுப்போல் ஒட்டிப் பின்னர் கறுத்து ஓடாக இறுகுகின்றன. காற்று வடிகட்டி இல்லாத ஆதிகால வண்டிகளிலே தெருப் புழுதியும் உள்ளே புகுந்து, அந்த எண்ணெய்ப் பசையில் ஒட்டிக்கொண்டது. அக்காலத்து ‘கரி’யில் ஒரு பங்கு மண்ணே என்றாற் பிழையாகாது.

ஓடு தடிக்கத் தடிக்கத் தகன அறையின் இடம் குறைகின்றது. இடங் குறையவே கலவை முன்னிலும் அதிகமாக நெருக்கப்படுகின்றது. கரி வெப்பத்தை எளிதிற் கடத்தாத பொருளாகையால் சூடு வெளியேற வழியின்றி உள்ளே தேங்கும். கரியின் கூரிய விளிம்புகள் தணல்போலக் கனன்று, மின்பொறி எழுமுன்னரே கலவைக்குத் தீ மூட்டிவிடும். இவற்றாலெல்லாம் மேட்டில் ஏறும்போது இரும்பைச் சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை கேட்கும், வண்டி வலுவிழக்கும். அந்தத் தட்டொலி கேட்கத் தொடங்கியதும், ‘கரி எடுக்கும் நாள் வந்துவிட்டது’ என்று சாரதிகள் அறிந்துகொண்டனர்.

அறிந்துகொண்டாலும் எடுப்பது எப்படி? 1900களின் முற்பகுதியில் வந்த பல இயந்திரங்களிலே சிலிண்டரும் தலையும் ஒரே வார்ப்பாக இருந்தன. தலைகீழாகக் கவிழ்த்த குவளையின் உட்பக்கத்தைச் சுரண்டுவது போன்றது அவற்றிற் கரி எடுப்பது. வால்வுகளுக்கு மேலிருந்த சிறு மூடிகளைக் கழற்றி, அத்துவாரங்களின் வழியாக வளைந்த சுரண்டிகளைச் செலுத்திக் கண் காணாமற் கையுணர்வாற் சுரண்டினர். அது போதாதபோது சிலிண்டர்த் தொகுதி முழுவதையும் தூக்கியெடுக்க வேண்டியிருந்தது. சிலர் இரவிலே, சூடு ஆறுமுன், பிளக் துவாரத்தின் வழியே மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவைத்து, காலையில் இயந்திரத்தை ஓட்டிக் கரும்புகையாக வெளியேற்றினர். வேறு சிலர் ஓடும் இயந்திரத்தின் காபரேற்றருக்குள்ளே நீரைத் துளித்துளியாக விட்டனர். இன்றும் இதனைச் செய்வோர் உண்டு. துளி மிகுந்து நீர் சிலிண்டரில் நிறைந்தாற் பிஸ்டன் தண்டு வளைந்துபோகும் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும்.

இவற்றினும் வியப்பான முறை ஒன்று 1910களிலே கராஜ்களிற் கையாளப்பட்டது. பெற்றோலை முற்றாக அடைத்துவிட்டு, வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும் நிலையிற் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பிளக் துவாரத்தின் வழியே மெல்லிய செப்புக் குழாயை நுழைத்து ஒட்சிசன் வாயுவைச் செலுத்தி, ஒரு தீக்குச்சியை உள்ளே போடுவார்கள். ஒட்சிசனிற் கரி பற்றிக்கொள்ளும். துவாரத்தின் வழியாகத் தீபாவளிப் பூவாணம்போலப் பொறிகள் சீறிப் பாயும். பொறி அடங்கினால் அந்தச் சிலிண்டர் துப்புரவாகிவிட்டது என்பது பொருள். அடுத்த சிலிண்டருக்குச் செல்வார்கள். வார்ப்பிரும்புப் பிஸ்டன்கள் இருந்தவரையில் இது ஒருவாறு தாங்கியது. அலுமினியப் பிஸ்டன்கள் பரவிய பின்னர் அவ்வளவு சூட்டைத் தாங்க இயலாதென்று கண்டு மெல்லக் கைவிட்டனர்.

வழியைத் திறந்துவிட்டது 1908ஆம் ஆண்டில் வெளிவந்த போட் ‘ரீ’ மாதிரிக் கார். அதன் நான்கு சிலிண்டர்களும் ஒரே வார்ப்பு. தலை மட்டுந் தனியாகக் கழலக்கூடிய தட்டையான மூடி. பதினைந்து திருகாணிகளைக் கழற்றினால் தலை கையோடு வந்துவிடும். கரியை எப்படி எடுப்பதென்று அந்தக் காரின் கைந்நூல் சொல்லும் முறை மிக எளிமையானது: றேடியேற்றர் நீரை வடித்துவிடு, குழாயையும் கம்பிகளையும் கழற்று, தலையைத் தூக்கு, மட்டமான கத்தியாலோ திருப்புளியாலோ சுரண்டு, துகள் திருகாணித் துவாரங்களில் விழாமற் பார், மீண்டும் பூட்டும்போது எல்லாத் திருகாணிகளையும் சிறிது சிறிதாகச் சமமாக இறுக்கு. உழவுத் தொழில் செய்த ஒருவர் தம் களஞ்சியத்தின் நிழலிலே அரைநாளிற் செய்து முடிக்கக்கூடிய வேலையாக அது மாறிற்று. 1927 வரை ஒரு கோடி ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட ‘ரீ’ கார்கள் செய்யப்பட்டன. கழலும் தலை உலகப் பழக்கமாகியது.

இந்த இடத்திலே தட்டொலியைப் பற்றி இன்னுஞ் சற்றுச் சொல்ல வேண்டும். நெடுங்காலமாக அதன் காரணம் கரியே என்று எல்லோரும் நம்பினர். கரியைச் சுரண்டினால் ஓசை அடங்கிற்று. ஆகையாற் கரியே குற்றவாளி என்பது அவர்தம் முடிவு. ஆனால், துப்புரவான புதிய இயந்திரமும் சிலவேளைகளில் தட்டியதே, அது ஏன்? கேம்பிரிட்ஜிலே பேராசிரியர் ஹொப்கின்சனிடம் பயின்ற ஹரி றிக்காடோ என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் இதனை ஊன்றி ஆராய்ந்தார். முதலாம் உலகப் போரிலே பிரித்தானியரின் டாங்கிகளுக்கு இயந்திரம் வரைந்தவர் இவர். முன்னைய டாங்கி இயந்திரங்கள் மசகெண்ணெயை எரித்துப் புகை கக்கி, டாங்கி நிற்கும் இடத்தைப் பகைவருக்குக் காட்டிக்கொடுத்தன. றிக்காடோ செய்த இயந்திரமோ எண்ணெய் மேலேறாதபடி தடுத்துப் புகையை ஒழித்தது.

றிக்காடோ கண்டது இது. மின்பொறியிலிருந்து தீ ஒழுங்காகப் பரவி வருகையில், அறையின் மறுகோடியில் எஞ்சிய கலவை நெருக்கத்தாலுஞ் சூட்டாலும் தானாகவே ஒருங்கே வெடிக்கின்றது. அந்த அதிர்ச்சியே தட்டொலி. அது பெரும்பாலும் பெற்றோலின் தன்மையையும் அறையின் வடிவத்தையும் பொறுத்தது. கரி அதனைத் தூண்டிவிடுகின்றது, அவ்வளவே. போர்னியோவிலிருந்து வந்த ஒருவகைப் பெற்றோலைச் சோதித்தபோது அது மற்றெல்லாவற்றினும் அதிக நெருக்கத்தைத் தட்டாமல் தாங்கிற்று. அடர்த்தி மிகுதியென்று கழித்துவைத்து, எடுத்த இடத்திலேயே எரித்து வீணாக்கிய பெற்றோல் அது! போர் முடிந்தபின் ஷெல் கும்பனியின் ஆதரவில் எரிபொருட்களை வரிசைப்படுத்திச் சோதித்தார். கலவையைச் சுழற்றிக் கலக்கி விரைவாக எரியச் செய்யும் புதிய வடிவத் தலையொன்றையும் அவர் வகுத்தார். குற்றம் கரியிலிருந்து பெற்றோலுக்கு மாற்றப்பட்டது இவ்வாறுதான்.

அதே கேள்விக்கு அமெரிக்காவிலே வேறொரு விடை தேடப்பட்டது. காருக்கு மின்னியக்கித் தொடக்கியை அமைத்த சாள்ஸ் கெற்றறிங் என்பாரின் ஆய்வுகூடத்தில் தோமஸ் மிட்ச்லி என்ற இளம் பொறியியலாளர் 1916இல் இவ்வேலையைத் தொடங்கினார். பெற்றோலுக்குச் சிவப்பு நிறமூட்டினால் அது வெப்பத்தை விரைவாக உறிஞ்சுமென்று எண்ணிய அவர், கைக்கு அகப்பட்ட அயடீனைக் கலந்தார். ஓசை அடங்கிற்று. பின்னர் உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தால் ஒன்றும் அடங்கவில்லை! பிழையான எண்ணம் சரியான கதவைத் தட்டிவிட்டது. பல பொருட்களைச் சோதித்தபின், 1921 டிசம்பர் 9ஆந் தேதி நாலெதைல் ஈயம் என்ற சேர்வையைக் கண்டார்கள். மிகச் சிறிதளவு போதும், தட்டொலி மறையும். 1923 பெப்ரவரி 2ஆந் தேதி ஒகாயோ மாநிலத்தின் டேற்றன் நகரில் ஈயப் பெற்றோல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

ஈயம் நஞ்சு என்பது அன்று எவரும் அறியாத செய்தியன்று. மிட்ச்லி தாமே அதன் நச்சால் நோயுற்று, 1923இன் தொடக்கத்தில் ஓய்வெடுக்க நேர்ந்தது. 1924 ஒக்டோபரில் நியூ ஜேர்சியிலுள்ள பேவே சுத்திகரிப்பு நிலையத்தில் அதனைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் சித்தங் கலங்கி மாண்டனர். பலர் மருத்துவமனை சேர்ந்தனர். செய்தியாளர் கூட்டத்தில் மிட்ச்லி அத்திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்த்துக் காட்டி, அதன் ஆவியையும் முகர்ந்து காட்டினார். 1925இல் விற்பனை சிறிது காலம் நிறுத்தப்பட்டது, விசாரணை நடந்தது, அடுத்த ஆண்டிலே மீண்டுந் தொடங்கிற்று. அப்பொழுது எழுந்த கேள்விகளுக்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னரே விடை கிடைக்கத் தொடங்கியது.

நம்முடைய கதைக்கு முக்கியமானது வேறொன்று. எரிந்த ஈயம் எங்கே போகும்? முதலில் அது ஈய ஒட்சைட்டாகப் பிளக்குகளிலும் வால்வுகளிலுந் தலையிலும் அப்பிக்கொண்டது. கரிக்கு மருந்தென வந்தது கரியினுங் கடிய படிவை உண்டாக்கிற்று. ஆகையால், ஈயத்தை ஆவியாக்கி வெளியே கொண்டுசெல்லப் புரோமீன் சேர்ந்த திரவமொன்றையும் உடன் கலந்தனர். வேண்டிய புரோமீனைக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுக்க 1934இல் வட கரோலினாக் கரையிலே ஓர் ஆலையே அமைத்தார்கள். இயந்திரத்தின் தலையைக் காப்பதற்காக ஈயம் தெருக்காற்றுக்கு அனுப்பப்பட்டது என்று சொன்னால் அது மிகையன்று. அப்படியும் முழுவதும் போய்விடவில்லை. ஈயப் பெற்றோல் வந்தபின் கழற்றிய தலைகளிலே கறுப்பு ஓட்டோடு சாம்பல் நிறமும் வெண்மஞ்சள் நிறமுமான படிவு கலந்திருந்தது.

அப்படிவைச் சுரண்டிய கைகளைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதில்லை. 1930 முதல் 1960 வரை பிரித்தானியக் கார்கள் ஓடிய நாடுகளிலெல்லாம், இலங்கையிலுங்கூட, சில ஆயிரம் மைல்களுக்கு ஒருமுறை கரி எடுப்பது காருடையோர் தவறாத கடமையாக இருந்தது. போர்க்காலத்தில் பிரித்தானியாவிலே கும்பனிப் பெயர்கள் ஒழிந்து, ‘பூல்’ என்ற ஒரே தாழ்ந்த தரப் பெற்றோலே 1953 வரை விற்கப்பட்டது. கரி எடுக்கும் வேலை அங்கே மேலும் பெருகிற்று. அந்த வேலையின் ஒழுங்கு இன்று கேட்போர்க்கு ஒரு சடங்கு போலத் தோன்றும்.

இயந்திரம் நன்றாகக் குளிர்ந்த பின்பே தலையைக் கழற்ற வேண்டும். சூட்டோடு கழற்றினால் அது வளைந்துவிடும். ஒட்டிக்கொண்ட தலையைத் திருப்புளி செருகி நெம்பலாகாது. மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி அசைக்க வேண்டும். வார்ப்பிரும்புத் தலையைக் காரச் சோடாக் கரைசலிற் போட்டு ஊறவைக்கலாம். அலுமினியத் தலையைப் போட்டாற் கரியோடு தலையுங் கரைந்துபோகும். அலுமினியத்தின்மேல் எஃகுச் சுரண்டியும் ஆகாது. கடின மரத் துண்டோ, தட்டையாக அடித்த ஈயப்பற்றுக் கம்பியோதான் வேண்டும். பிஸ்டனைச் சுற்றி மசகுக் களியைத் தடவிவிட்டாற் துகள்கள் இடுக்கில் இறங்காமல் அதில் ஒட்டிக்கொள்ளும். மற்றச் சிலிண்டர்களின் வாயிலே துணியை அடைத்துவிட வேண்டும்.

இன்னுமொரு நுட்பம். நன்றாக ஓடிப் பழகிய இயந்திரத்திலே பிஸ்டன் உச்சியின் விளிம்பிற் படிந்த மெல்லிய கரி வளையத்தை எடுக்காமல் விட்டுவிடுவார்கள். தேய்ந்த வளையங்களைத் தாண்டி எண்ணெய் மேலேறாதபடி அதுவே தடுக்குமாம். துப்புரவுக்கும் ஓர் எல்லை உண்டென்பதை அறிந்த கைகள் அவை. பின்னர் வால்வுகளை அரைத்துப் பொருத்துவார்கள். அரைபசையைத் தடவி, இரப்பர்க் கிண்ணம் பூட்டிய கோலாற் பிடித்து, இரு உள்ளங்கைகளுக்கிடையே மத்துக் கடைவதுபோல் முன்னும் பின்னுமாக உருட்டி, இடையிடையே தூக்கி வைப்பார்கள். வால்விலும் அது அமரும் இடத்திலும் அறாத சாம்பல் நிற வளையம் தோன்றும் வரை உருட்ட வேண்டும். இறுதியாகப் புதிய காஸ்கட் வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக முறைப்படி இறுக்கி, சிறிது தூரம் ஓடியபின் மறுபடியும் இறுக்குவார்கள்.

இவ்வளவு அருமையாகக் கற்ற இந்தத் தொழிலாளருக்குத் தம் முன்னேயிருந்த தூள் இன்னதென்று சொன்னவர் சிலரே. உலர்ந்த ஓட்டைக் கம்பித் தூரிகையாற் தேய்க்கும்போது எழுந்த புழுதியில் ஈயம் இருந்தது. பழைய காஸ்கட்டிலே செப்புத் தகடுகளுக்கிடையே கல்நார் இருந்தது. வேலை முடிந்ததும் தலையிலுள்ள தூளை வாயால் ஊதித் துடைத்துவிட்டு, அதே கையோடு தேநீர்க் குவளையை எடுத்தவர்கள் எத்தனை பேர்! பேவேயில் இறந்த ஐவரை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. கராஜ் மேசைகளின்மீது குனிந்து நின்றோர்க்கு அப்படியொரு கணக்கு வைக்கப்படவில்லை.

கரி எடுக்கும் வழக்கம் 1950களுக்குப் பின் மெல்லக் குன்றியதற்கு ஈயம் மட்டுங் காரணமன்று. டீசல் உழவு இயந்திரங்களிலே பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்க 1930களின் நடுப்பகுதியில் அழுக்கு நீக்கும் மருந்து சேர்ந்த மசகெண்ணெய் வந்தது. பின்னர் கார்களுக்கும் அது பரவிற்று. காற்று வடிகட்டிகளும் வளையங்களுந் திருந்தின. தெருக்களும் தாரிட்டவையாயின. பின்னாளிலே பெற்றோலிலும் துப்புரவு மருந்து கலந்தார்கள். அமெரிக்காவில் 1995 முதல் அது கட்டாயமாக்கப்பட்டது.

ஆயினும், நம் நாட்டின் ஒரு பகுதியிலே கரி மீண்டும் வந்த காலம் ஒன்றுண்டு. 1990 யூன் மாதத்தில் வடக்கிற் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள்ளே சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இது புதுமையான தந்திரமன்று. 1917இல் வந்த போட்சன் உழவு இயந்திரம் தொடக்கம், போருக்குப் பிந்திய பேர்கசன் உழவு இயந்திரங்களின் ஒருவகை வரை, பெற்றோலில் தொடங்கி மலிந்த எண்ணெயில் ஓடுமாறே அமைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கென்று குறைந்த நெருக்கமுள்ள தலைகளைச் செய்திருந்தார்கள். குடாநாட்டின் கார்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. எனினும், நெருக்கங் குறைந்த அந்தப் பழைய இயந்திரங்கள் மண்ணெண்ணெயை ஒருவாறு பொறுத்துக்கொண்டன. புதிய வகைகளுக்கு அது இயலாத காரியம். மண்ணெண்ணெய் முழுவதும் ஆவியாகாமையால் வெண்புகையும் மணமும் தெருவை நிறைத்தன. எரியாத எண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. தலையிலோ கரி ஏறியது. பிரித்தானியக் கைந்நூல்களில் மறைந்துபோயிருந்த அந்தப் பழைய தொழில், நோயாளரை ஏற்றிச் செல்லும் வண்டி நாளைக்கும் ஓடவேண்டுமென்பதற்காக அங்கே உயிர்பெற்றது. தமது பாட்டன் காலத்துக் காரை ஏளனஞ் செய்திருந்த இளைஞர் பலர் அதன் அருமையை அப்போது கண்டிருப்பர்.

ஈயத்தின் கதை முடிய இன்னுஞ் சில ஆண்டுகள் சென்றன. புகைபோக்கியிலே வைக்கும் ஊக்கிக் கருவியை ஈயம் கெடுத்துவிடுமாகையால், அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டுக் கார்கள் ஈயமற்ற பெற்றோலை வேண்டி நின்றன. குழந்தைகளின் இரத்தத்திற் கலந்த ஈயத்தைப் பற்றிய ஆராய்ச்சிகள் எஞ்சிய வாதங்களைத் தோற்கடித்தன. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. கார்களுக்கு அதனை விற்ற கடைசி நாடான அல்சீரியா 2021 யூலையில் நிறுத்தியது.

இன்று தலையைக் கழற்றிக் கரி சுரண்டுவதைக் காண்பது அரிது. ஆனால் கரி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. பெற்றோலைச் சிலிண்டருக்குள்ளே நேரே பீச்சும் புதிய இயந்திரங்களில், காற்று வரும் வால்வின் முதுகைப் பெற்றோல் கழுவுவதில்லை. முன்பு அங்கே பெற்றோல் தெளிக்கப்பட்டு, படிவு சேரச்சேரக் கழுவப்பட்டது. இப்போது எண்ணெய் ஆவி மட்டும் அங்கே பட்டுக் காய்ந்து தடித்த கரியாகின்றது. அதனை எடுப்பதற்கு இப்பொழுது கையாளப்படுவது வோல்நட் என்னும் கொட்டையின் ஓட்டுத் தூள். தலையைக் கழற்றாமலே, காற்று வரும் குழாயைமட்டும் நீக்கி, வால்வு மூடியிருக்கும் நிலையிற் காற்றழுத்தத்தால் அத்தூளை வீசுகின்றார்கள். கரி உதிரும், உலோகம் கீறுப்படாது. உதிர்ந்த தூளும் கரியும் வெளியே பறக்காதபடி, வீசும் குழலோடு உறிஞ்சும் குழாயொன்றையும் சேர்த்தே பூட்டுகின்றார்கள்.